சவரிமுத்துவுக்கு ஒரு கிண்ணம் பாயசம்

அடக்க வேண்டிய மருந்து ஆட வைத்தால் என்ன செய்வது? மூன்று வாரமாகச் செங்கோட்டுவேலனுக்கு இதே யோசனை. அன்று மூன்று மணிக்கு ஆய்வுக் குழு கூடுகிறது. இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறையும் தேறாவிட்டால் பதிவு ரத்து என்று கடிதமே வந்துவிட்டது.

மருந்துக் கம்பெனி வேலையை உதறிவிட்டு நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்கு வந்தவர் அவர். வழிகாட்டி தமீமாவுக்கு முப்பத்தைந்து. அவர் இவரை சார் என்பார், இவர் அவரை மேடம் என்பார்.

"ஏனுங்க மேடம், காபாங்கறது மூளையோட அமைதி மருந்துதானுங்க?"

"ஆமா சார்."

"அதே வேலையச் செய்யற மருந்தத்தான் ஊத்தறேன். மூளையில டோபமைன் விடற செல்லுல அது வந்து ஒட்டிக்கற ஏற்பியும் இருக்குது. நெறைய ஊத்தினா செல்லு அடங்குது. துளி ஊத்தினா முன்னவிட அதிகமாத் துடிக்குது. பதினோரு செல்லுல ஒம்போது இப்படி."

"சரி."

"சரியா? துளி ஊத்துன கணக்கு இருக்கற பக்கத்தையெல்லாம் கோப்புல இருந்து எடுத்துடலாம்னு இருக்கறேனுங்க. பன்னெண்டாவதா ஒண்ணே ஒண்ணு ஒழுங்கா அமைஞ்சாப் போதும்."

அன்று வெள்ளிக்கிழமை, கேன்டீனில் பாயசம். தமீமா ஒரு தூக்குவாளி நிறைய வாங்கிவரச் சொன்னார்.

ஆய்வகத்துக்கு வெளியே நடைக்கூடத்தில் ஐந்து மாணவர்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் ஸ்டூலில் சவரிமுத்து. அவருக்கு ஒரே வேலை, உதட்டில் விரல் வைப்பது. செல்லைப் பிடித்திருக்கும் கண்ணாடி ஊசி முடியைவிட மெல்லியது. யாராவது செருப்பைத் தேய்த்து நடந்தாலே நழுவிவிடும். சவரிமுத்து விரலை வைத்தால் துறைத் தலைவரே பூனைநடை நடப்பார்.

தமீமா ஆளுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தார். மாணவர்களுக்கு ஒன்று, சவரிமுத்துவுக்கும் அதே அளவில் ஒன்று.

உள்ளே செங்கோட்டுவேலன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டாவது செல்லை ஊசியில் பிடித்தார். பிடித்து நாலு நிமிடம் ஆகியிருக்காது, வெளியே நாற்காலி விழும் சத்தம். பிறகு சிரிப்பு. பிறகு எந்த ஹீரோவுக்கு நடிக்கத் தெரியாது என்று ஒரு பெரிய விவாதம். திரையில் கோடு துள்ளியது, செத்துப்போனது.

வெளியே ஓடிவந்தார். சவரிமுத்துவின் முகவாய் நெஞ்சில் கிடந்தது, கிண்ணம் மடியில் கிடந்தது. நடைக்கூடம் சந்தைக்கடையாக இருந்தது.

"மேடம், பாயசத்தக் குடுத்துப் பசங்களக் கெடுத்துப்போட்டீங்க. என் செல்லு போச்சுங்க."

"பாயசம் குடிச்சா கத்துவாங்களா சார்?"

"தூக்கமில்ல வரும்."

"வந்துச்சே."

செங்கோட்டுவேலன் சவரிமுத்துவைப் பார்த்தார். மாணவர்களைப் பார்த்தார். தமீமா மறுபடி வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். இந்த முறை ஆளுக்கு மூன்று கிண்ணம். வேண்டாம் என்றவனுக்கும் ஊற்றினார். அரைமணி நேரத்தில் ஐந்து தலைகளும் மேசையில். ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விட்டான். நடைக்கூடம் அடங்கியது.

செங்கோட்டுவேலன் குரலைத் தாழ்த்தினார். "டோபமைன் செல்லுக்குப் பக்கத்துல ஒரு செல்லு உக்காந்து காபாவை விட்டுட்டே இருக்குமே, இதை அடக்கிட்டே. அதுமேலயும் இதே ஏற்பி இருக்குதுங்களே."

"இருக்கு."

"அது துளிக்கே மசிஞ்சுருதுங்களா?"

"ஊசி வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

செங்கோட்டுவேலன் தனியே எடுத்துவைத்திருந்த பக்கங்களை எண்ணாமல் மறுபடி கோப்பில் சேர்த்தார்.

"ஒம்போது செல்லையும் காட்டிடறேனுங்க. பக்கத்து செல்லை இன்னும் பாக்கலைன்னும் சொல்லிடறேன். தேறுமான்னு தெரியலைங்க."

"எனக்கும்தான் தெரியல."

"ஒண்ணே ஒண்ணுதான் பயம். குழுத் தலைவர் சுத்தி வளைச்சுப் பேச விடமாட்டார். 'இந்த மருந்து அடக்குமா, அடக்காதா? ஒரே வார்த்தையில சொல்லு'ம்பார்."

தமீமா காலி வாளியைக் கழுவப் போகிறவர் போல எடுத்துக்கொண்டார்.

"'யாரை?'ன்னு கேளுங்க சார்."