வறுத்த விதை

கெடில ஆற்றங்கரையில் நெல் விளைந்த ஊர் அது. வெள்ளைக்காரத் துரை ஒருவன் வந்து, நெல் வேண்டாம், சாயத்துக்கு அவுரி போடு என்றான். மறுத்தவன் முதுகில் சவுக்கு விழுந்தது. பாழாய்ப் போன அவுரியைத் தின்ன முடியுமா, சொல்லுங்கள்? பிள்ளைகள் வயிறு ஒட்டிப்போகுமே.

ஊர் கூடி ஒரு யோசனை செய்தது. துரை கொடுக்கும் விதையைச் சட்டியில் வறுத்து விதைப்பது. முளைக்காது. இந்த மண்ணுக்கு அவுரி ஆகாது என்று அவனே போய்விடுவான். எல்லோரும் அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார்கள்.

சடையனும் செய்தான். சட்டியை அடுப்பிலும் ஏற்றினான். ஆனால் கை வரவில்லை, பாவிக்கு. உயிருள்ள விதையைக் கொன்று மண்ணில் போடுவதா என்று அப்படியே கொண்டுபோய்த் தூவிவிட்டான்.

துரை வந்து பார்த்தான். ஊர் முழுக்க வெறும் மண், சடையன் வயல் மட்டும் பச்சை. அவனுக்குச் சூது புரிந்துவிட்டது. ஆட்களைக் கட்டிவைத்து அடித்தான். ஊர் பொறுக்கவில்லை, திரண்டு போய், துரை அவுரி ஊறவைக்கக் கட்டியிருந்த தொட்டிகளை உடைத்தது. சிப்பாய்கள் சுட்டார்கள். முன்னால் நின்ற தாண்டவன் செத்துப்போனான்.

கொஞ்ச நாளில் அவுரி போனது, துரையும் போனான். தாண்டவன் போனது போனதுதான்.

சடையனை யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அவன் வந்தால் எழுந்து போனார்கள். அதற்கு அடியே தேவலை. ஊரை விட்டு, மடத்துச் சாமியிடம் சீடனாகப் போய்ச் சேர்ந்தான். தாண்டவனைக் கொன்றது நானா சாமி என்று ஓயாமல் கேட்பான். போய் முற்றத்தைக் கூட்டு என்பார் சாமி.

ஆடியில் ஆற்றில் தண்ணீர் வந்தது. சாமி ஒரு சிறிய மூட்டையைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார். விதைநெல்.

"தாண்டவன் வயலில் விதைத்துவிட்டு வா."

சடையன் மூட்டையைத் தொடவில்லை. "அவன் பெண்டாட்டி பச்சையம்மா என்னை வரப்பில் கால் வைக்க விடுவாளா, சாமி?"

"அவள் கொடுத்தனுப்பிய நெல்தான் இது. வீட்டில் மிஞ்சியது இவ்வளவுதானாம். ஒன்றுகூடப் பொய்க்கக் கூடாதாம்."

"அப்படியென்றால், என்னை மன்னித்துவிட்டாளா?"

சாமி மூட்டையை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"உன் முகத்தில் விழிக்க மாட்டாளாம். நீ வயலை விட்டுப் போகும்வரை கதவைச் சாத்திக்கொள்வாளாம். செத்த விதையை விதைக்க வராத அந்தக் கை மட்டும் வேண்டுமாம்."