உப்பு பார்க்கப் போனவள்

“ஓகா, முகம் மட்டும் வரமாட்டேங்குது.”

பெர்னிஸ் உளியைக் கீழே வைத்தாள்.

அந்தப் பக்கத்தில் தொழில் சொல்லிக் கொடுக்கிறவரை ஓகா என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த ஓகாவின் பெயர் லடிபோ. மரச்சிற்பி. நைஜீரியாவில், யொருபா ஜனங்கள் வாழ்கிற ஒரு கிராமத்தில் அவருக்குப் பட்டறை.

பெர்னிஸ் லண்டனில் பிறந்து வளர்ந்தவள். அம்மா அயர்லாந்துக்காரி. அப்பா யொருபாக்காரர். மகள் நடக்கப் பழகுவதற்குள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவள் படம் வரைவாள். பாடுவாள். ஆடுவாள். மண்ணில் சட்டிபானை செய்வாள். சினிமாவும் எடுப்பாள்.

கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்ய அந்தக் கிராமத்தில் ஒரு வீடு உண்டு. அப்பா வழியில் தனக்கு என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்க வந்திருப்பதாக ஊரில் சொன்னாள்.

லடிபோவிடம் மட்டும் மிச்சத்தையும் சொன்னாள்.

“நான் ரெட்டையில ஒருத்தி. தங்கச்சி பொறந்த அன்னைக்கே போயிட்டா. அவளுக்குப் பொம்மை செய்யணும். என் கையால செய்யணும்.”

ரெட்டைப் பிள்ளையில் ஒன்று தவறிப்போனால் அதற்கு ஒரு மரப்பொம்மை செதுக்கி, குளிப்பாட்டி, சோறு காட்டி, இருக்கிற பிள்ளையோடு சேர்த்து வளர்ப்பது அந்த ஜனங்களின் வழக்கம்.

“செஞ்சு?” என்றார் லடிபோ.

“மன்னிப்புக் கேக்கணும்.”

எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

“வயசுல நீங்க பெரியவங்க,” என்றார். “உளியைக் கையில எடுத்துட்டா நான் பெரியவன். வா, போன்னுதான் பேசுவேன்.”

“பேசுங்க, ஓகா.”

கை வந்தது. கால் வந்தது. கொண்டைகூட அழகாக வந்தது. முகத்துக்கு வந்ததும் உளி வழுக்கியது. மரத்தை மாற்றினாள். அந்த மரத்திலும் அதே கதைதான்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு விமானம்.

லடிபோவின் மனைவி அஷாகே செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

“குடிங்க, அக்கா.”

“அக்கான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?”

“பின்ன எப்படிக் கூப்பிட? பாட்டின்னா கூப்பிட முடியும்?”

பெர்னிஸ் சிரிக்கவில்லை. அக்கா என்ற சொல் காதில் விழுந்தாலே அவளுக்குத் தங்கச்சி நினைப்பு வந்துவிடும்.

அஷாகே தோளைக் குலுக்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

லடிபோ வாய்ச்சியால் ஒரு கட்டையைச் செதுக்கிக்கொண்டே பேசினார்.

“நீ பச்சைக்குழந்தை முகத்தைத் தேடுற. நாங்க வளர்ந்த ஆளாத்தான் செதுக்குவோம். உன்கூடவே அவளும் வளர்ந்திருப்பால்ல.”

“அவ எங்கே வளர்ந்தா, ஓகா? நான் எங்கே வளர விட்டேன்?”

வாய்ச்சி நின்றது.

“பொறந்தநாள் வந்தா போதும். கேக்கை வெட்டி என் தட்டுல வச்சுட்டு அம்மா சொல்லுவாங்க. நீதான் முண்டியடிச்சுக்கிட்டு முன்னாடி வந்தே, அவ பின்னாடி கிடந்து மூச்சு முட்டிப் போயிட்டான்னு. கோபமாச் சொல்லமாட்டாங்க. வெளியே மழை பெய்யுதுன்னு சொல்ற மாதிரி சொல்லுவாங்க. இன்னிவரைக்கும் எனக்குக் கேக் தொண்டையில இறங்காது.”

“இரு, இரு. முன்னாடி வந்தது யாரு?”

“நான்தான்.”

“தங்கச்சின்னு சொன்னியே.”

“ஆமா. அரைமணி கழிச்சு வந்தவ தங்கச்சிதானே?”

லடிபோ அவளைப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார். முகமில்லாத அந்தக் கட்டையை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“அஷாகே, அடுப்புல என்ன?”

“காராமணி. ரெட்டைப் பிள்ளை வந்து உக்காந்திருக்கு, வழக்கப்படி வேற என்னத்த ஆக்குவாங்க?” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

“பெர்னிஸ், போய் உப்பு பாத்துட்டு வா.”

“இப்பவா?”

“இப்பத்தான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். செம்பனை எண்ணெயில் காராமணி சிவக்கச் சிவக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. அஷாகே ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள். பெர்னிஸ் ஊதாமல் வாயில் போட்டுக்கொண்டாள்.

திரும்பி வந்தாள்.

“எப்படி இருக்கு?”

“சுடுது.”

“நான் உப்பைக் கேட்டேன்.”

“சரியா இருக்கு.”

“நீ ஏன் போனே? நான் போயிருக்கலாமே.”

“நீங்க ஓகா. நீங்க அனுப்பினா நான் போறேன்.”

“அப்ப யாரு பெரியவங்க? முன்னாடி போனவளா, அனுப்பிட்டு உக்காந்திருந்தவனா?”

பெர்னிஸ் அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“எங்ககிட்ட, ரெட்டையில பின்னாடி வர்றதுதான் மூத்தது,” என்றார் லடிபோ. “உலகம் எப்படி இருக்கு, போய் ருசி பாத்துச் சொல்லுன்னு இளையதை முன்னாடி அனுப்பும். நீ முண்டியடிச்சு வரல. உன்னை அனுப்பினாங்க, நீ வந்தே.”

அவள் கீழே உட்கார்ந்தாள்.

“நீ தங்கச்சி தங்கச்சின்னதும், செத்தவதான் முன்னாடி வந்தவன்னு நான் நினைச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் இல்லாத ஒருத்திக்கு மரம் வெட்டிக்கிட்டு இருந்திருக்கோம். முகம் எங்கேருந்து வரும்?”

கரண்டியோடு வாசலில் வந்து நின்றிருந்த அஷாகேவுக்கு அடக்க முடியவில்லை.

“அதான் சங்கதியா? படமாம், பாட்டாம், ஆட்டமாம், சட்டிபானையாம், சினிமாவாம். ஒண்ணு விடல இவ. ருசி பாத்துட்டு வான்னு அனுப்பினா அண்டாவுக்குள்ளயே இறங்கிட்டா.”

பெர்னிஸுக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தாள். மூக்கு ஒழுகியது. புறங்கையால் துடைத்தாள்.

அப்புறம் சிரிப்பு சட்டென்று நின்றது.

“ஓகா, அப்ப நான் என்ன சொல்லிட்டேன்? நல்லா இல்லைன்னு சொல்லிட்டேனா? அதனாலதான் அவ மூச்சே விடாமத் திரும்பிப் போனாளா?”

லடிபோ வாய்ச்சியை மறுபடி எடுத்தார்.

“நீ எப்ப சொன்னே? வந்ததுலேருந்து மன்னிப்புக் கேக்கத்தானே பாக்குற. அவ கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. காத்துக்கிட்டு உக்காந்திருக்கா.”

செதுக்கிக்கொண்டிருந்த கட்டையை அவள் பக்கமாக உருட்டிவிட்டார். புது மரம். வெளுப்பாக, ஈரமாக இருந்தது.

அன்றும் மறுநாளும் பெர்னிஸ் பட்டறையை விட்டு நகரவில்லை. உளி வழுக்கவில்லை. வந்தது வளர்ந்த பொம்பளை முகம். அவளுடைய சாடைதான். கன்னம் மட்டும் இன்னும் கொஞ்சம் பெரியவளுக்கு உரியது. உலை கொதிக்கிறவரை காத்திருக்கத் தெரிந்தவளின் வாய்.

அஷாகே வந்து பார்த்தாள். “உங்க அக்காவா?”

“ம்.”

“நல்லா இருக்காங்க. உன்னைவிட நல்லா இருக்காங்க, தங்கச்சி.”

பெர்னிஸ் அவளை முறைக்கவில்லை.

விமானத்துக்குக் கிளம்புகிற அன்று காலையில், ஒரு கிண்ணத்தில் காராமணி வாங்கிக்கொண்டு பொம்மைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதலில் தான் ஒரு வாய் சாப்பிட்டாள். அது இறங்கியது. இன்னொரு வாய் சாப்பிட்டாள். அதுவும் இறங்கியது.

மன்னிப்புக் கேட்கப்போகிறாள் என்று லடிபோவும் அஷாகேவும் கொஞ்சம் தள்ளி நின்றார்கள்.

பெர்னிஸ் ஒரு காராமணியை எடுத்து ஊதி, பொம்மையின் உதட்டில் வைத்தாள்.

“அக்கா,” என்றாள். “கொஞ்சம் சுடும். உப்பு சரியா இருக்கு.”