நாலு பேர் சேர்ந்த ஒரு பறவை

மலைக்காட்டில் ஒரு நெட்டை அத்திமரம். உச்சிப் பொந்தில் வீச்சன் என்ற பறக்கும் அணிலும் அவன் பெண்டாட்டி செம்பட்டையும் குடியிருந்தார்கள். நடுக்கிளையில் குமிழி என்ற பறக்கும் தவளையும் அவள் புருஷன் வழுக்கனும் குடியிருந்தார்கள்.

பறக்கும் என்று சொன்னதும் இறக்கையைத் தேடாதீர்கள். இறக்கை யாருக்கும் கிடையாது! அணிலுக்குக் கைக்கும் காலுக்கும் நடுவே போர்வை மாதிரித் தோல். அதை விரித்தால் சர்ரென்று தூரமாய்ப் போகும். தவளைக்கு விரல்களுக்கு நடுவே மெல்லிய சவ்வு. அதை விரித்தால் நாலு குட்டிக் குடை! மெல்ல மெல்ல இறங்கும். இரண்டுமே மேலிருந்து கீழே சறுக்குகிற வித்தைதான்.

அந்த வருஷம் கோடை கொளுத்தித் தள்ளியது. அத்திமரத்தடிக் குட்டை வற்றிப் பாளம் பாளமாய் வெடித்தது. மரத்தில் காயும் தீர்ந்துபோனது. அணில்களுக்குப் பசி. தவளைகளுக்குத் தாகம்.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் எல்லாம் இருந்தது. பழுத்துத் தொங்கும் பலாமரம், அதன் காலடியில் வற்றாத சுனை. நடுவில்தான் வம்பு! பள்ளத்தாக்கில் ஒதுங்க ஒரு செடிகூடக் கிடையாது. மேலே ஒரு கழுகு நாளெல்லாம் வட்டமடித்துக்கொண்டிருந்தது. தனியாகச் சறுக்கிப் போன எவரும் அந்தக் கரை சேரவில்லை. இறங்கி நடந்து போகலாமே என்பீர்கள். கீழே பாறைக்குப் பாறை பாம்பு, அது இன்னும் மோசம்.

ஒரு நாள் செம்பட்டை கேட்டாள்.

"ஏங்க, அந்தக் கழுகு எதுக்குத்தான் பயப்படும்?"

"தன்னைவிடப் பெரிய பறவையைக் கண்டா பயப்படும். வேற எதுக்கு?" என்றான் வீச்சன்.

"அப்படின்னா நாமளே பெரிய பறவை ஆயிடுவோம்!"

வீச்சன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "வெயில் உன் தலைக்கு ஏறிடுச்சு."

"அட, கேளுங்க! நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல போவோம். அது உடம்பு. ரெண்டு ஓரத்துலயும் தவளைங்க வரட்டும். அது இறக்கை நுனி. நாலு பேரும் பிரியாமப் போனா, மேலேயிருந்து பார்க்கிற கழுகுக்கு ராட்சசப் பறவை மாதிரி இருக்காது?"

கீழ்க்கிளையிலிருந்து வழுக்கன் கத்தினான். "அண்ணி! நாங்க தயார்! பறக்கிறதுல நாங்க யாருக்கும் சளைச்சவங்க இல்ல!"

குமிழி அவனை இடித்தாள். "உங்க வாய் இருக்கே, வாய்!"

மறுநாளே மரக்கூட்டத்துக்குள் பழக ஆரம்பித்தார்கள். முதல் நாள் கூத்தைக் கேட்க வேண்டுமே! அணில்கள் அடுத்த மரத்தில் போய் உட்கார்ந்து, வாலைக்கூடக் கோதி முடித்துவிட்டார்கள். தவளைகள் அப்போதுதான் ஆடி அசைந்து பாதி வழியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாப்பிள்ளே, கல்யாண ஊர்வலமா?" என்று வீச்சன் கேலி செய்தான்.

"நீங்கதான் வால்ல தீப்பிடிச்ச மாதிரி ஓடுறீங்க!" என்று வழுக்கன் திருப்பிக் கொடுத்தான்.

சண்டை போட்டார்கள். பசி வந்தது, தாகம் வந்தது, சண்டை நின்றது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அணில்கள் தோலை நன்றாக இழுத்து விரித்து வேகத்தைக் குறைத்தார்கள். தவளைகள் விரல்களைப் பாதி மடக்கி, குடையைச் சின்னதாக்கி, வேகத்தைக் கூட்டினார்கள். அவர்கள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள், இவர்கள் கொஞ்சம் ஏறி வந்தார்கள். நாலு பேரும் ஒரே வரிசையில் மிதந்தார்கள்.

இன்னொரு பாடமும் கிடைத்தது. ஒரு தடவை வழுக்கன் உற்சாகத்தில் வீச்சனின் முதுகுக்கு நேர் மேலே போய்விட்டான். அவ்வளவுதான்! அங்கே தாங்குவதற்குக் காற்றே இல்லை. காற்றையெல்லாம் கீழே இருக்கும் அணில் வாங்கிக்கொள்கிறதே! வழுக்கன் பொத்தென்று வீச்சன் முதுகில் விழுந்தான்.

"என் முதுகு என்ன, உனக்கு மெத்தையா?" என்று வீச்சன் கத்தினான்.

அன்றிலிருந்து யாரும் யார் முதுகுக்கு மேலேயும் போகக் கூடாது என்று சட்டம் போட்டார்கள்.

பறக்கும்போது திரும்பிப் பார்க்கவும் முடியாது. தலை திரும்பினால் உடம்பும் திரும்பிவிடும். அதனால் குரல்தான் கண். வீச்சன் "ஓ!" என்று கூப்பிடுவான். சரியாக வருகிறவர்கள் "ஓ!" என்று பதில் தர வேண்டும். யாருக்காவது ஈடுகொடுக்க முடியவில்லையென்றால் "அகலம்!" என்று கத்த வேண்டும். கேட்டதும் அணில்கள் தோலை இன்னும் அகலமாய் விரித்து நிதானிப்பார்கள். மற்ற மூன்று பேரும் ஆளுக்கு ஒரு தடவையாவது கத்திவிட்டார்கள். குமிழி மட்டும் ஒரு நாளும் கத்தவில்லை.

"தங்கச்சியைப் பாரு! ஒரு தடவைகூட அகலம் கேட்டதில்ல!" என்று வீச்சன் மெச்சினான். குமிழிக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது.

புறப்படுகிற நாளும் வந்தது. காலையில் குமிழி கையை மடக்கிப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை! மரத்தில் ஈரப்பாசி இருந்த ஒரே இடுக்கைப் புருஷனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, அவள் ராத்திரி முழுக்கக் காய்ந்த பட்டையிலேயே படுத்துக் கிடந்தாள். சவ்வு வறண்டு அப்பளம் மாதிரி விறைத்துவிட்டது. விரிந்தது விரிந்தபடி நின்றது. பாதி மடக்கினாலே விண்ணென்று வலித்தது.

'சொல்லிடலாமா?' என்று நினைத்தாள். 'சொன்னா என்ன ஆகும்? மூணு பேரும் பசியிலயும் தாகத்துலயும் வாடிக் கிடக்காங்க. எனக்காக எத்தனை நாள் காத்திருப்பாங்க? விட்டுட்டுப் போயிட்டா? ஒரு தடவைகூட அகலம் கேட்டதில்லன்னு வேற அண்ணன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறாரே!'

"குமிழி, கால் கை எல்லாம் சரியா இருக்கா?" என்று வழுக்கன் கேட்டான்.

"எனக்கென்ன? ஜோரா இருக்கேன்!"

"தங்கச்சி, தயாரா?" என்று மேலேயிருந்து செம்பட்டை கேட்டாள்.

"தயார் அண்ணி!"

கழுகு தூரத்து மலைப் பக்கம் வட்டமடித்த நேரம் பார்த்து நாலு பேரும் குதித்தார்கள். இடது ஓரம் வழுக்கன், அடுத்து செம்பட்டை, அடுத்து வீச்சன், வலது ஓரம் குமிழி. கீழே பாறைமேல் ஒரே நிழல் ஓடியது. பெரிய நிழல்!

கழுகு திரும்பிப் பார்த்தது. "இது யாரடா புதுசா? நம்மளவிடப் பெரிசா இருக்கே!" என்று ஒதுங்கி மேலே போனது.

"ஓ!" என்றான் வீச்சன்.

"ஓ!" "ஓ!" "ஓ!"

நடுப் பள்ளத்தாக்கு வந்தது. குமிழி பல்லைக் கடித்துக்கொண்டு விரல்களை மடக்கிவைத்திருந்தாள். அனல்காற்று அடிக்க அடிக்கச் சவ்வு இன்னும் காய்ந்தது. சட்டென்று விரல்கள் விரிந்துகொண்டன. குடை பெரிதானது. வேகம் செத்தது. வீச்சனின் வால் அவள் கண்ணெதிரே விலகி விலகிப் போனது.

"ஓ!" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

வாய் நிறைய 'அகலம்' வந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஓ!" என்றாள் குமிழி. பாவி மகள்! பின்னால் இருப்பவளை முன்னால் போகிறவர்கள் பார்க்க முடியாது. அவள் சொன்னதை நம்பி அதே வேகத்தில் போய்க்கொண்டே இருந்தார்கள். இடைவெளி ஒரு கிளை நீளம் ஆனது. பிறகு ஒரு மரத்து நீளம் ஆனது.

மேலே கழுகு தலையைச் சாய்த்துப் பார்த்தது. "இதென்ன கூத்து? பறவைக்கு இறக்கை நுனி கழண்டு தனியா வருதே!" இன்னொரு தரம் உற்றுப் பார்த்தது. "அடச் சே! இது பறவையே இல்ல! இத்தனையும் தீனி!"

இறக்கையை மடக்கிக்கொண்டு கழுகு நேரே குமிழியை நோக்கிப் பாய்ந்தது.

குமிழியின்மேல் நிழல் விழுந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தான் போனால் தன்னோடு முடியாது. ஓரம் அறுந்த பறவையைக் கழுகு நம்பாது. அடுத்து செம்பட்டை, அடுத்து வீச்சன், அந்த ஓரத்தில் ஒன்றும் தெரியாமல் "ஓ" போட்டுக்கொண்டு போகும் வழுக்கன்! மானம் போனால் போகிறது என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அகலம்! அகலம்! அண்ணே, விரல் மடங்கல! காலையிலிருந்தே மடங்கல! ரொம்பப் பின்னால இருக்கேன்! கழுகு வருது!"

ஏன், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு அணில்களும் தோலைக் கிழிகிற அளவுக்கு விரித்துக் காற்றில் நின்றேவிட்டார்கள். வழுக்கனும் விரல்களை முழுக்க விரித்தான்.

"தலையைக் கீழே சாய்ச்சு வா, தங்கச்சி!" என்று வீச்சன் கத்தினான். "நேரா என் முதுகுக்கு மேலே வா!"

"சட்டப்படி வரக் கூடாதே, அண்ணே!"

"சட்டமாவது மண்ணாவது! வந்து விழு!"

குமிழி தலையைக் கீழே சாய்த்துப் பாய்ந்தாள். கழுகின் நகம் அவள் முதுகை உரசிக்கொண்டு போனது. மறு நொடி வீச்சனின் முதுகுக்கு மேலே, அந்தக் காற்றில்லாக் குழிக்குள் வந்துவிட்டாள். பொத்! விழுந்தாள். விழுந்த வேகத்தில் வாயால் அவன் முடியைக் கவ்விக்கொண்டாள்.

"பிடிச்சியா?"

"ம்ம்!"

"விட்டுடாதே!"

கழுகு விடுகிற ஜாதியா? வட்டமடித்துத் திரும்பி, கீழிருந்து எதிரே வந்தது. வந்து பார்த்தால்! மூன்று பேரும் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு இருந்தார்கள். வீச்சன் முதுகில் குமிழியின் விறைத்த கைகள் மடங்காமல் இரண்டு பக்கமும் நிமிர்ந்து நின்றன. வெயில் பட்டுப் பச்சையும் சிவப்புமாய்ப் பளபளத்தன. கழுகு பிறந்ததிலிருந்து இப்படிக் கொண்டை வைத்த பறவையைக் கண்டதே இல்லை.

அந்த நேரம் பார்த்து வழுக்கன் பயத்தில் தொண்டை கிழியக் கத்தினான். "கொர்ர்ர்ராக்!"

"ஐயையோ, இது அது இல்ல! இது வேற!" என்று அலறிக்கொண்டு கழுகு தூரத்து மலை உச்சிக்கு ஓடிப்போனது. அன்றைக்கு அது இரையே எடுக்கவில்லையாம்.

பலாமரத்தின் அடிக்கிளையில் நாலு பேரும் வந்து விழுந்தார்கள். பிறகு செம்பட்டை "அப்பாடா!" என்றாள். அவ்வளவுதான், நாலு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வழுக்கன் சிரித்தான், அழுதான், மறுபடி சிரித்தான். பெண்டாட்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சுனையில் இறக்கினான். சில்லென்ற தண்ணீர் பட்டதும் குமிழியின் விரல்கள் மெல்ல மெல்ல மடங்கின. மடக்கினாள், விரித்தாள், மறுபடி மடக்கினாள். இந்த உயிர் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வீச்சன் ஒரு பலாச்சுளையோடு கரைக்கு வந்து உட்கார்ந்தான்.

"ஏன் தங்கச்சி, காலையிலேயே சொல்லல?"

"விட்டுட்டுப் போயிடுவீங்களோன்னு பயம், அண்ணே. அப்புறம்..." குமிழி அசடு வழிந்தாள். "நீங்க மெச்சினது வேற. அதைக் கெடுத்துக்க மனசு வரல."

"அடிப்பாவி!" என்று செம்பட்டை தலையில் அடித்துக்கொண்டாள். "எங்க பொந்துக்குள்ளே மரத்தோட பள்ளத்துல போன மழைத் தண்ணி இன்னும் ஒரு கை கிடந்துச்சேடி! அதை நம்பித்தான் நாங்களே உயிரோட இருந்தோம். காலையில வந்து கையை முக்கிட்டுக் கிளம்பியிருந்தா, இத்தனை கூத்தும் நடந்திருக்குமா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

குமிழி தண்ணீருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டாள். செம்பட்டை கரையிலிருந்து கையை நீட்டி அவள் தலையைத் தட்டிக்கொடுத்தாள்.

கூடிச் செய்யும் காரியத்தில் முடியாததை முடியவில்லை என்று நேரத்தோடு சொல்வது வெட்கமல்ல. அதை மறைப்பதுதான் கூட வருகிற அத்தனை பேருக்கும் ஆபத்து.