இருபத்துமூன்றாம் நிறம்

கொடைக்கானல் மலையிலிருந்து மதுரைக்குப் பேச்சையும் படத்தையும் சுமந்து போகும் ஒளியை ஆளும் அறை ஒன்று வத்தலக்குண்டில் இருந்தது. அதற்குப் பொறுப்பு குணசீலி. அவரிடம் தொழில் கற்க வந்தவர் தனிஸ்லாஸ். சீடர்தான் வயதில் மூத்தவர். அதனால் குரு அவரை "அண்ணே" என்பார். அவர் குருவை "மேடம்" என்பார்.

முதல் நாள் குணசீலி ஒரு கண்ணாடி இழையை அவர் உள்ளங்கையில் வைத்தார். தலைமுடி அளவுக்குத்தான் இருந்தது.

"இதுக்குள்ள நாற்பது நிறம் ஓடும்ணே."

"ஒன்னும் தெரியலையே, மேடம்?"

"நம்ம கண்ணுக்கு அகப்படாத நிறம்."

"ஒன்னோட ஒன்னு முட்டிக்காதா?"

"ஒரே நிறத்தை ரெண்டு பேருக்குக் கொடுத்தா முட்டும். வேற வேற நிறம்னா உரசாமப் போயிடும்."

தனிஸ்லாசுக்குக் கையை மூடவும் துணிவில்லை, விரித்து வைத்திருக்கவும் துணிவில்லை. "ஆண்டவரே" என்றார் மெல்ல.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் பாதை கேட்டாலும் ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போய், அவர்கள் வழி முழுக்கக் காலியாயிருக்கும் முதல் நிறத்தைக் கொடுக்க வேண்டும். கீழ் எண்கள் ஓயாமல் உழைத்தன. மேல் எண்கள் இருட்டிலேயே கிடந்தன. தனிஸ்லாசுக்குப் பொறுக்கவில்லை.

"நாற்பதாம் நிறம் என்ன புதுமாப்பிள்ளையா, மேடம்? உட்கார்ந்தே இருக்கு!"

"இருக்கட்டும்ணே" என்று சிரித்தார் குணசீலி.

தங்கை கல்யாணத்துக்கு அவர் ஊருக்குப் போனதும் தனிஸ்லாஸ் வழக்கத்தை மாற்றினார். பள்ளிக்கு ஒன்பது, வங்கிக்கு இருபத்துமூன்று, பால் சங்கத்துக்கு முப்பத்தாறு என்று எல்லா நிறத்துக்கும் சமமாக வேலை கொடுத்தார். திரையில் நாற்பதும் அங்கங்கே மினுங்கின. பார்க்கத் திருவிழா மாதிரி இருந்தது.

குணசீலி திரும்பிவந்த காலையில் மலை மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. பிறந்த குழந்தை நீலம் பாய்ந்து கிடக்கிறது. அதன் இதயம் துடிப்பதை மதுரை டாக்டர் தன் திரையில் நேரடியாகப் பார்த்தால்தான், எந்த மருந்தைக் கொடுப்பது என்று சொல்ல முடியும். அதற்குத் தனிப் பாதை வேண்டும்.

"இதோ, ஒரு நிமிஷம்" என்ற தனிஸ்லாஸ் திரையைப் பார்த்தார். ஒன்றிலிருந்து நாற்பதுவரை எண்ணினார், மறுபடியும் எண்ணினார்.

மலையிலிருந்து வத்தலக்குண்டு வரை காலி நிறங்கள் இருந்தன. அங்கிருந்து திண்டுக்கல் வரையும் இருந்தன. திண்டுக்கல்லிலிருந்து மதுரை வரையும் இருந்தன. ஆனால் மூன்றிலும் காலியாயிருந்த நிறம் ஒன்றுகூட இல்லை. நடுவழியில் நிறம் மாற்றும் கருவி கிடையாது. மலையில் ஏறிய நிறத்திலேயேதான் மதுரையில் இறங்க வேண்டும்.

"மேடம், எல்லா ஊர்லயும் இடம் இருக்கு. புள்ளைக்கு வழி இல்லையே!"

குணசீலி ஏசவில்லை. பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை. திரையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார்.

"இருபத்துமூணாம் நிறம் மலையில காலி. மதுரைப் பக்கமும் காலி. நடுவுலதான் வங்கி உட்கார்ந்திருக்கு. நாலாம் நிறத்துல அதுக்கு இடம் இருக்கு, மாத்துங்க."

"வங்கியோட பேச்சு அறுந்துடுமே?"

"புதுசை ஏத்திட்டு அப்புறம் பழசை அணைங்கண்ணே."

தனிஸ்லாஸ் ஏற்றினார், பிறகு அணைத்தார். வங்கிக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபத்துமூன்றாம் நிறம் மலையிலிருந்து மதுரை வரை இருண்டு வழிவிட்டது. அடுத்த கணம் அந்த வழி முழுக்க ஒற்றைக் கோடாய் ஒளி ஓடிற்று. கண்ணுக்கு அகப்படாத நிறத்தில், முகம் தெரியாத ஒரு குழந்தையின் நெஞ்சு மலையிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. தனிஸ்லாஸ் எழுந்து நின்றுவிட்டார்.

வெகுநேரம் கழித்து மருத்துவமனையிலிருந்து ஒரு நர்ஸ் பேசினாள். "மருந்து பிடிச்சிருச்சு சார். புள்ளைக்கு உதடு சிவந்திருக்கு."

போனை வைத்துவிட்டு தனிஸ்லாஸ் தலைகுனிந்தபடி கேட்டார்.

"நான் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யலையே, மேடம். வந்தவங்களுக்கெல்லாம் சமமாத்தானே கொடுத்தேன்?"

"கொடுத்தீங்கண்ணே" என்றார் குணசீலி. "இன்னும் வராதவங்களுக்கு என்ன வச்சீங்க?"