பிளான் அப்ரூவல் பதிவேடும் மூன்று கொத்தனார்களும்

கூடலிப்பட்டி சன்னாசி மேஸ்திரி குழுவின் வேலையில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. சுவர் எழுப்பினால் நூல் பிடித்த மாதிரி நிற்கும். பூச்சு வழவழவென்று இருக்கும். சொன்ன சொல்லை அப்படியே கேட்பார்கள். தொல்லையே அதுதானய்யா!

குழு என்றால் மூன்று பேர். சன்னாசி, அவர் தம்பி ஒச்சப்பன், கூட்டாளி சடையாண்டி. மூன்று மாதமாக ஒருத்தர் கரண்டியிலும் சிமெண்டு படவில்லை. சன்னாசியின் மனைவி மூக்கம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்த ஆவணி முடியுறதுக்குள்ள ஒரு வீட்டு வேலையாவது பிடிங்க. இல்லைன்னா நாமக்கல்ல எங்க அண்ணன் கோழிப்பண்ணைக்குக் கிளம்புங்க. மூணு பேருக்கும் சொல்லி வச்சாச்சு."

சன்னாசிக்குக் கோழி என்றால் குலை நடுங்கும். முட்டையைக்கூட உடைத்து வைத்தால்தான் கிட்டே போவார். பாவம், அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

மறுநாள் மூவரும் ஹார்டுவேர் கடை ராவுத்தரிடம் போய் நின்றார்கள். அவர் நல்ல மனுஷர்.

"வீடு கட்டணும்னா பேரூராட்சி ஆபீஸ்ல பிளான் அப்ரூவல் வாங்கணும்ல? வாங்கினவங்க பேரும் விலாசமும் பதிவேட்டுல இருக்கும். போய் ஒண்ணு விடாமப் பாருங்க. முதல்ல போய் நிக்கிறவனுக்குத்தான் வேலை. அந்தத் தங்கையா மேஸ்திரி அப்படித்தானய்யா பிடிக்கிறான்!"

மூவரும் போனார்கள். ஆபீஸ் அம்மா பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். ஒன்று விடாமல் பார்க்கச் சொல்லியிருக்கிறாரே, முதல் பக்கத்தைத் திறந்தார்கள். முதல் பேர் வேலுச்சாமி, தெற்குத் தெரு. அவ்வளவுதான், எடுத்தார்கள் ஓட்டம்.

தெற்குத் தெருவில் ஒரு மாடி வீடு. வாசலில் ஒரு பெரியவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க வீடு கட்டப் போறீங்களாம்ல?"

"கட்டி நாப்பது வருஷம் ஆச்சேப்பா! உள்ள என் பேரன் பேத்தியெல்லாம் இருக்காங்க."

மூவரும் தள்ளிப் போய்க் கலந்து பேசினார்கள்.

"நமக்கு முன்னாடியே எவனோ வந்துட்டான்ணே" என்றான் ஒச்சப்பன்.

சடையாண்டி தாடையைத் தடவினான். "நாப்பது வருஷம் பிந்திட்டோம். நடுவுல டீ குடிச்சிருக்கக் கூடாது."

சன்னாசிக்கும் அதுதான் சரியென்று பட்டது. அடுத்த பேருக்கு டீ குடிக்காமல் போனார்கள். அங்கே முப்பத்தொன்பது வருஷம்தான் பிந்தியிருந்தார்கள். "பரவாயில்லை, வேகம் கூடுது" என்று சன்னாசி மற்ற இருவர் முதுகிலும் தட்டிக் கொடுத்தார்.

விஷயம் ராவுத்தர் காதுக்குப் போனது. அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அட கூறுகெட்டவங்களா! கடைசிப் பக்கத்தைப் பாருங்கய்யா! அந்த மனையில முதல் ஆளாப் போய் நில்லுங்க, போதும்!"

கடைசிப் பக்கத்தில் ரெஜினா டீச்சர் பேர் இருந்தது. மேட்டுத்தெருவில் காலி மனை. விடியும்போதே மூவரும் மனை நடுவில் போய் நின்றார்கள். வெயில் ஏறியது. பத்து மணிக்கு டீச்சர் தங்கையா மேஸ்திரியோடு வந்தார்.

"யாருப்பா நீங்க? என் மனையில என்ன பண்றீங்க?"

மூவரும் வாயைத் திறக்கவில்லை. ராவுத்தர் நிற்கத்தான் சொன்னாரே தவிர, பேசச் சொல்லவில்லையே!

தங்கையா அஸ்திவாரத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். நடுவில் நின்ற மூன்று பேரையும் சுற்றி வளைத்துக் கோடு போனது. "டீச்சரம்மா, இந்த மூணு தூணும் பிளான்ல இருக்கா?" என்று அவர் சிரித்தார். அப்போதும் மூவரும் அசையவில்லை. சாயந்தரம் டீச்சரே இரக்கப்பட்டு மோர் கொடுத்து அனுப்பி வைத்தார்.

ஆவணி முடிய ஐந்து நாள்தான் பாக்கி. அப்போதுதான் சன்னாசிக்கு அந்த யோசனை வந்தது.

"டேய், அந்தப் பதிவேட்டுல நம்ம பேரே இருந்தா? கண்மாய்க்கரையில மூக்கம்மா சீதனமாக் கொண்டுவந்த மனை சும்மாதானே கிடக்கு!"

"ஆத்தாடி! நம்ம வீட்டை நாமளே கட்டலாம்! ஆனா சிமெண்டு, செங்கல்லுக்கு எங்கண்ணே போறது?" என்றான் சடையாண்டி.

"அது வீட்டுக்காரன் கவலைடா. நம்ம வேலை கட்டுறது."

அனுமதியும் கிடைத்தது. வெள்ளிக்கிழமை காலையில் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் "சன்னாசி, கீழத்தெரு" என்று ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டுச் சன்னாசி வீட்டுக்குத் திரும்பினார்கள். சன்னாசி புதுவேட்டி கட்டி, வீட்டுக்காரராக உள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மற்ற இருவரும் வேலை கேட்க வாசலுக்கு வந்தார்கள்.

கதவைத் தட்டப்போன சடையாண்டியின் கையை ஒச்சப்பன் பிடித்துக்கொண்டான்.

"மணி பத்தரை. ராகு காலம்டா! நல்ல காரியத்தை இப்பவா தொடங்குறது?"

எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். அலுப்பில் இருவருக்கும் கண் சொக்கிவிட்டது. பன்னிரண்டு மணிச் சங்குக்குத்தான் எழுந்து, திருநீறு பூசிக்கொண்டு, கதவைத் தட்டினார்கள். சன்னாசி திறந்தார். முகம் தொங்கிக் கிடந்தது.

"இப்பத்தான் வர்றீங்களா? வேலை போச்சுடா. பதினோரு மணிக்குத் தங்கையா வந்துட்டாரு. முதல்ல வந்தவருக்குத்தானே வேலை?"

ஒச்சப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. "நீ உள்ளதான இருந்தே? நமக்காக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே?"

"சொல்லாம இருப்பேனா? மூணு பேரும் நல்லாக் கட்டுவோம், கோழிப்பண்ணைக்குப் போகாமக் காப்பாத்துங்கய்யான்னு கெஞ்சினேன்டா. வீட்டுக்காரர் மசியலையே!"

சடையாண்டி உள்ளே எட்டிக் காலி நாற்காலியை முறைத்தான். "நெஞ்சுல ஈரமில்லாத மனுஷன்ணே."

"நானும் இன்னைக்குத்தான் பார்த்தேன்" என்றார் சன்னாசி. ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. துண்டை உதறித் தோளில் போட்டார். "இனிமே அந்த ஆளு வீட்டு வாசப்படியை மிதிக்கவே மாட்டேன்!"

மூவரும் விறுவிறுவென்று இறங்கி, நாமக்கல் பஸ்ஸைப் பிடிக்கப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்கள். மூக்கம்மா மாற்றுத்துணி வைத்த பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து நீட்டினாள். சன்னாசி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அந்த வீட்டுப் பொருள் ஒண்ணும் எங்களுக்கு வேண்டாம், தாயி!"