தணிகைவேலுக்கு மட்டும்

"இனிமே அவனுக்கு ஒரு துண்டு பிஸ்கட் அனுப்ப மாட்டேன்," என்றாள் பூங்காவனம். "வயிறு எரியுது எனக்கு."

குழலி அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கேக்குதா அம்மா?"

"கேக்குது."

"அப்ப பதில் சொல்லுங்க."

"நீங்க இன்னும் கேள்வியே கேக்கலையே."

பூங்காவனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடியாத்தத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, வெயிலில் நடந்து, இந்த மலையடிவார மடத்துக்கு வந்தது கீரை ஆய்வதைப் பார்க்கவா?

குழலி அம்மைக்கு அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது குறைவு. தம்பி பொண்டாட்டியாக இருந்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். குருவாகப் போய்விட்டார், என்ன செய்வது.

கையிலிருந்த தகர டப்பாவை நங்கென்று தரையில் வைத்தாள்.

விஷயம் இதுதான். பூங்காவனத்தின் ஒரே மகன் தணிகைவேல் பட்டாளத்தில் இருந்தான். வடக்கே, பனிமலை எல்லையில். மாதாமாதம் அவனுக்கு வீட்டிலிருந்து நெய் பிஸ்கட் போகும்.

மைதாவும் சர்க்கரையும் நெய்யும் கொஞ்சம் உப்பும், எப்போதும் ஒரே கைக்கணக்கில் போட்டு அவளே பிசைவாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள். மாவைப் பாத்திரத்தில் தூக்கிக்கொண்டு கரீம் பாய் பேக்கரிக்குப் போவாள். அங்கே ரொட்டி வெந்து முடிந்து, சூடு ஆறாமல் இருக்கும் அடுப்பில் தட்டுத் தட்டாக வைத்துச் சுட்டு வாங்கி வருவாள். அந்தப் பக்கத்து வீடுகளில் நெய் பிஸ்கட் என்றால் அப்படித்தான்.

பிறகு டப்பாவில் அடுக்கி, வெள்ளைத் துணி சுற்றி, கோணி ஊசியால் தைத்து அனுப்புவாள்.

பிஸ்கட் போய்ச் சேரும். மகன் போனில் சொல்வான்: "வந்துச்சும்மா. நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான்.

"எப்பவும் அதே வார்த்தை," என்றாள் பூங்காவனம். "ஒரு நாள் ஒரு கொறை சொன்னதில்ல. தின்னவன் கொறை சொல்லுவானா மாட்டானா? அவங்கப்பா வெறும் டீயில பத்துக் கொறை கண்டுபுடிக்கிறவரு. எனக்கு அப்பவே சந்தேகம்."

"சரி."

"அதனால போன மாசம் டப்பா மூடியில எழுதிட்டேன். இதுலயும் எழுதியிருக்கேன், பாருங்க."

மூடியில் கொட்டை எழுத்தில், கறுப்பு மையில், அடிக்கோடு போட்டு எழுதியிருந்தது: தணிகைவேலுக்கு மட்டும்.

அம்மை ஓரக்கண்ணால் படித்தார். மறுபடி கீரைக்குப் போய்விட்டார்.

"எங்க பக்கத்துத் தெரு யுவராஜ் லீவுல வந்திருக்கான். இவனோடதான் அங்க இருக்கான். நல்ல பிள்ளை, பொய் பேசத் தெரியாது. கூப்பிட்டு உக்கார வெச்சுக் கேட்டேன். எல்லாத்தையும் கொட்டிட்டான்."

"இன்னா கொட்டினான்?"

"டப்பாவைப் பிரிச்சதும் சுத்தி எல்லாரும் வந்துட்டாங்களாம். பஞ்சாப்காரன், பீகார்க்காரன், ஒருத்தனுக்கும் தமிழ் தெரியாது. மூடியில இன்னா எழுதியிருக்குன்னு கேட்டிருக்கானுங்க. இவன் இன்னா சொன்னான் தெரியுமா?"

"இன்னா சொன்னான்?"

"'எல்லாரும் சாப்பிடணும்னு எங்கம்மா எழுதியிருக்காங்க'ன்னு சொன்னானாம்! என் கையெழுத்தைக் கையில வெச்சுக்கிட்டே! யுவராஜ் பக்கத்துல நின்னு மூடியைப் படிச்சிட்டு வாயைப் பொத்திக்கிட்டானாம்."

அம்மையின் தோள் குலுங்கியது.

"சிரிக்கிறீங்களா?"

"கீரையில பூச்சி."

பூங்காவனம் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"ஒருத்தன் ஒண்ணு எடுத்தா, ரெண்டா எடுடான்னு திட்டித் திட்டித் திணிச்சானாம். எல்லாம் தீந்த பிறகு டப்பாவைக் கவுத்து, அடியில கெடந்த தூளைக் கையில கொட்டி வாயில போட்டுக்கிட்டானாம். தூளு! மாசா மாசம் அதான் நடக்குதாம். தூளு துன்றதுக்கா நான் கை நோகப் பிசையறேன்?"

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்துவிட்டது.

கோபம் என்று அவள் சொல்லிக்கொண்டாலும் பாதிக்கு மேல் பயம்தான். போன லீவில் வந்தபோது மகனுடைய பழைய சட்டை தோளில் தொங்கியது. அந்தக் குளிரில் பிள்ளை அரை வயிற்றோடு துப்பாக்கி பிடித்து நிற்கிறான் என்று நினைத்தால் அவளுக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

"அவன்கிட்டயே கேக்கறதுதானே?" என்றார் அம்மை.

"பேசறதில்ல. நாலு நாளா போன் பண்றான். நான் எடுக்கல."

"ஏன் விடாம பண்றான்?"

பூங்காவனம் கொஞ்சம் தயங்கினாள்.

"மேல இருக்கிற போஸ்டுக்குப் போறானாம், இந்த வாரம். பனி மூடிட்டா எறங்க முடியாது. போனும் கெடையாது, பார்சலும் கெடையாது. சித்திரை ஆவும் திரும்பி வர."

"அப்படியும் எடுக்கல."

"எடுத்தா 'நல்லா இருந்துச்சும்மா'ன்னு மறுபடி பொய் சொல்லுவான். நான் அழுதுடுவேன். பெத்தவ அழறதைக் கேட்டுட்டா மலை ஏறுவான்?" மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள். "அவனுக்கு எப்படித்தான் புத்தி சொல்றது? இதோ, கேட்டுட்டேன் கேள்வி. இப்பவாவது சொல்லுங்க."

அம்மை ஒரு கொத்துக் கீரையை உருவி முறத்தில் போட்டார்.

"இந்த டப்பாவை இன்னா பண்ணப் போறீங்க?"

"மடத்துக்கே வெச்சுக்குங்க. அவனுக்குக் கெடையாது."

"அப்ப கஞ்சிக்கு வந்திருக்கிறவங்களுக்குக் குடுத்துட்டு வாங்க."

கேள்வி கேட்டால் வேலை வைக்கிறார். இதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாம். பூங்காவனம் முனகிக்கொண்டே டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பந்தலில் மதியக் கஞ்சிக்கு ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஆடு மேய்க்கிறவர்கள், செங்கல் சூளைப் பெண்கள், சாலையில் லாரியை ஓரங்கட்டிவிட்டு வந்த ஒரு வடநாட்டு டிரைவர்.

முதல் ஆளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நீட்டினாள். அவர் வாயில் போட்டார். மெல்ல வேண்டியிருக்கவில்லை, அப்படியே கரைந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் பூங்காவனத்தின் கை கொஞ்சம் இளகியது.

இரண்டாவது ஆள் கூச்சத்தோடு ஒன்று எடுத்தான். "இன்னாத்துக்கு ஒண்ணு? ரெண்டா எடு," என்று அதட்டினாள். சூளைக்காரியின் இடுப்பிலிருந்த குழந்தைக்கு ஒன்றைப் பிட்டு ஊட்டினாள். "இது பாதிதான் துன்னுச்சு, மீதிய நீ போட்டுக்கோ, வீணாக்காதே," என்று தாய்க்கும் ஒரு திட்டு. போகப் போக அவள் சத்தம்தான் பந்தல் முழுக்கக் கேட்டது.

டிரைவர் கையை நீட்டினார். மூடியைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது. வேறு யாருக்கோ வைத்த பொருள் என்று நினைத்துவிட்டார் போல.

"அம்மாஜி, இது என்ன எழுதி?"

பூங்காவனம் மூடியைப் பார்த்தாள். அந்த மனுஷனைப் பார்த்தாள். எந்த ஊரில் எந்தத் தாய் பெற்ற பிள்ளையோ, கழுத்தெல்லாம் வேர்வையும் புழுதியும்.

"எல்லாரும் சாப்பிடணும்னு எழுதியிருக்கு. எடு கண்ணு, எடு."

அவர் எடுத்துக்கொண்டார். அவள் இன்னொன்றையும் கையில் வைத்து அழுத்தினாள்.

காலி டப்பாவோடு திரும்பி வந்தாள்.

"உங்களுக்கு?" என்றார் அம்மை.

"எனக்கெதுக்கு. நான்தான் மாசா மாசம் பண்றவளாச்சே."

சொல்லிக்கொண்டே டப்பாவைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டு தட்டினாள். உள்ளங்கையில் விழுந்த தூளை வாயில் போட்டுக்கொண்டாள். முகம் சுளித்தது.

"சே. உப்பு ஒரு கல்லு தூக்கல்."

அம்மை கையிலிருந்த காம்பைக் கீழே போட்டுவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"அந்த டிரைவர் இன்னா கேட்டாரு?"

"மூடியில இன்னா எழுதியிருக்குன்னு கேட்டாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

பூங்காவனம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். உதட்டோரம் தூள் ஒட்டியிருந்தது.

மூடியைப் பார்த்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள்.

"ஐயையோ," என்றாள்.

அம்மை மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

பைக்குள் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவள் கையைக்கூடத் துடைக்காமல் எடுத்தாள்.

"அம்மா! எடுத்துட்டியா! நாளைக்கு விடியக்காலை மேல ஏறணும்மா. கோவமா? அந்த யுவராஜ் இன்னா சொன்னானோ, அவன் பேச்சை நம்பாதே..."

"டேய்."

"சொல்லும்மா."

நாலு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்த திட்டு அத்தனையும் மறந்துபோனது.

"தூளு எப்படிடா இருந்துச்சு?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"உப்பு ஒரு கல்லு தூக்கல்மா," என்றான்.