ஓர் ஆள் எடை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் முழுதாக நம்பவில்லை. நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்த பிறகு ஏதோ ஒன்று இடிக்கும். கதையில் வரும் ஓடாவி அவ்வளவு தேர்ந்த வேலைக்காரர் என்றால், கடைசியில் ஏன் அப்படிச் செய்தார்? எங்கள் பக்கத்தில் படகு கட்டும் தச்சரை ஓடாவி என்பார்கள். இந்த ஓடாவியின் பெயர் தஸ்நேவிஸ். இப்போது உயிரோடு இல்லை. எனக்கு இதைச் சொன்னவர் இன்னாசி. கதையில் வரும் சீடரும் அவரேதான். வேறு சாட்சி கிடையாது.

அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

இன்னாசிக்கும் அவர் தம்பி ரெஜிசுக்கும் ஒரு வள்ளம் இருந்தது. அப்பா விட்டுப்போன மர வள்ளம். அண்ணன் பின்னால் இருந்து சுக்கான் பிடிப்பார். தம்பி முன் பலகையில் உட்கார்ந்து வலை விடுவான். மீசை முளைத்த நாளிலிருந்து அப்படித்தான்.

ஒரு நாள் வலை பாறையில் மாட்டிக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று ஏறியது. அலை பக்கவாட்டில் அடித்தது.

"பொறு. எடுத்துருவேன்," என்றான் ரெஜிஸ்.

இன்னாசி பொறுக்கவில்லை. கத்தியோடு முன்னால் வந்து வலையை அறுத்துவிட்டார். அது ரெஜிஸ் ஒரு மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து தன் கையால் பின்னிய வலை.

கரை வருவதற்குள் காற்று விழுந்துவிட்டது. கடல் குளம் மாதிரி கிடந்தது. ரெஜிஸ் இறங்கினான். வள்ளத்தைக் கரையேற்ற எப்போதும் போலத் தோள் கொடுத்தான். பிறகு, "இனி இதுல ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். விசைப்படகில் கூலிக்குச் சேர்ந்துகொண்டான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஒருவர் இந்தத் தூணோரம் நின்றால் மற்றவர் அந்தத் தூணோரம் நின்றார்.

இன்னாசி கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் வீட்டில் பேச வேறு ஆள் இல்லை. வள்ளம் வெயிலில் கிடந்து பலகை வெடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு வருடம் கரையிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகுதான் தஸ்நேவிசிடம் போனார். தஸ்நேவிஸ் அவரைவிடப் பல வயது இளையவர்.

"ஓடாவியாரே, இத ஒத்தை ஆளு ஓட்டுற மாதிரி ஆக்கித் தாரும்."

தஸ்நேவிஸ் வள்ளத்தைச் சுற்றி வந்தார். பலகையில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார்.

"உள்மரம் நல்லாருக்கு. எனக்குக் கையாள்தான் இல்ல. நீங்க நிக்கிறீங்களா, அண்ணாச்சி?"

"எனக்கு மரவேலை என்ன தெரியும்?"

"நல்லா அறுப்பீங்கன்னு ஊரே சொல்லுதே."

இன்னாசிக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று நினைத்தாராம். எங்கே போவது என்று தெரியாததால் உட்கார்ந்திருந்தாராம்.

மறுநாளிலிருந்து அவர் சீடர். நரைத்த தலையோடு உளி பிடிக்கக் கற்றுக்கொண்டார். தஸ்நேவிஸ் எதையும் விளக்க மாட்டார். செய்து காட்டுவார். இன்னாசி தப்பாகச் செய்தால், பேசாமல் பிரித்துவிட்டு மறுபடியும் அவர் கையில் கொடுப்பார். பலகை இடுக்குகளில் இருந்த பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்தார்கள். வெடித்த பலகைகளைக் கழற்றிப் புதியவை பொருத்தினார்கள். துடுப்புப் போட இன்னொரு ஆள் கிடையாது என்பதால் பின்பக்கம் எஞ்சினுக்கு மேடை கட்டினார்கள். வலையை இழுத்துக்கொண்டே சுக்கானைப் பிடிக்க வசதியாக, சுக்கான் கைப்பிடியை நீட்டினார்கள்.

ஒரு மத்தியானம், இடுக்கில் அடைக்கப் பருத்தி நூலைத் திரித்துக்கொண்டிருந்தபோது இன்னாசி கேட்டார்.

"ஓடாவியாரே, நான் அன்னைக்கு அறுத்தது தப்பா?"

"நான் கடல்ல இல்லையே, அண்ணாச்சி."

"அறுக்கலேன்னா வள்ளம் கவிழ்ந்திருக்கும்."

"சரி."

"கவிழ்ந்திருக்காதுன்னு அவன் சொல்லுதான்."

"சரி."

"ரெண்டுக்கும் சரின்னா என்ன அர்த்தம்?"

"திரி தளர்வா இருக்கு. பிரிச்சுத் திரும்பத் திரிங்க."

இன்னாசி பிரித்தார். திரும்பத் திரித்தார்.

வேலை முடியும் நேரத்தில், "அந்த முன் பலகைய எடுத்துரும். இனி யாரு உக்காரப் போறா? எனக்கு வலை வைக்க இடம் ஆகும்," என்றார் இன்னாசி.

தஸ்நேவிஸ் ஏன் என்று கேட்கவில்லை. ஆணிகளை ஒவ்வொன்றாக வளையாமல் பிடுங்கி ஒரு டப்பாவில் போட்டார். உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பாகியிருந்த பலகை அது. அதைத் துடைத்துக் கொட்டகைக்குள் நிழலில் சாய்த்து வைத்தார்.

வள்ளத்தைக் கடலில் இறக்கிய அன்று கரையில் சிலர் வேடிக்கை பார்த்தார்கள். இன்னாசி ஏறிச் சுக்கான் பக்கம் உட்கார்ந்தார். எஞ்சினும் பின்னால், ஆளும் பின்னால். வள்ளத்தின் முன்முனையான அணியம் வானத்தைப் பார்த்து எழும்பியது. பின்பக்கத்து விளிம்பைத் தண்ணீர் தொட்டது.

"என்ன இன்னாசி, மோட்சத்துக்கா போறீரு?" என்று ஒருவர் கத்தினார்.

இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற தஸ்நேவிஸ், அணியத்தைக் கையால் அழுத்தினார். வள்ளம் மட்டமானது. கையை எடுத்தார். மறுபடியும் எழும்பியது.

"முன்னால ஒரு ஆளு குறையுது, அண்ணாச்சி."

"ஒத்தை ஆளுக்குத்தானே செய்யச் சொன்னேன்!"

தஸ்நேவிஸ் அணியத்தை விட்டு நகர்ந்தார். கரைக்குப் போய் ஒரு சாக்கும் சட்டியும் கொண்டுவந்து கொடுத்தார்.

"மண்ணு போடுங்க."

"எவ்வளவு?"

"எனக்கு எப்படித் தெரியும்? தம்பிய முன்னால உக்கார வச்சு ஓட்டினது நீங்க."

இன்னாசி சாக்கை முன்னால் வைத்து மணல் அள்ளிக் கொட்டினார். பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தார். பழைய நாட்களில், சுக்கான் பக்கமிருந்து பார்த்தால் அணியத்தின் நுனியும் கடலின் விளிம்பும் ஒரே கோட்டில் நிற்கும். இப்போது நிற்கவில்லை. எழுந்து வந்து இன்னும் கொட்டினார். போய் உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்து வந்தார். வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். கடைசியில் நுனியும் விளிம்பும் சேர்ந்தன.

இன்னாசி சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெஜிஸ் இவ்வளவு கனம் இல்லையே."

"நீங்க பாத்து நாளாச்சுல்ல."

சொல்லிவிட்டுத் தஸ்நேவிஸ் கொட்டகைக்குப் போனார். முன் பலகையோடும் டப்பாவோடும் திரும்பி வந்தார். மூட்டை அடியில் நனைந்தால் சாக்கு இற்றுப்போகும், பலகைமேல் இருக்கட்டும் என்றார். இருவரும் பலகையைப் பழைய இடத்தில் பொருத்தி, மூட்டையைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். ஆட்டிப் பார்த்தார்கள். அசையவில்லை.

"இது போதும்," என்றார் இன்னாசி. "ஆணி எதுக்கு? மூட்டையோட கனமே பலகையப் பிடிச்சிக்கிடும்."

"ஆமா. மண்ணுக்கு ஆணி வேண்டாம். ஆளு ஏறி உக்காந்தாத்தான் வேணும்." தஸ்நேவிஸ் சுத்தியலைக் கையில் எடுத்தார். "அடிக்கவா, அண்ணாச்சி?"

இன்னாசி டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார். அதிலிருந்து ஒவ்வோர் ஆணியாக எடுத்துக் கொடுத்தார்.

அவர் சொன்ன கதை இவ்வளவுதான்.

நான் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அதிகாலையில் அவர் மணல் அள்ளுவதை அடிக்கடி பார்க்கிறேன். அவருக்கு இப்போது மூச்சு வாங்குகிறது. பக்கத்து வள்ளத்துக்காரர்கள், "தம்பிக்குக் கஞ்சி ஊத்தியாச்சா?" என்பார்கள். சாக்கு கொஞ்சம் சரிந்திருந்தால், "இன்னைக்கு ரெஜிசுக்கு உடம்பு சரியில்ல போல" என்பார்கள். அவரும் சிரிப்பார். ஒரு தடவை என்னிடம் சொன்னார்: "மீன் பட்டா அந்தக் கனமே போதும், மண்ணைக் கடல்ல கொட்டிருவேன். ஒண்ணும் படலேன்னா அவனோடயே திரும்பி வருவேன்." அப்படித் திரும்பும் நாட்களில் அவர் முகம் கொஞ்சம் தெளிவாக இருப்பதுபோல எனக்குத் தோன்றும். அது என் கற்பனையாகவும் இருக்கலாம். என் வீட்டிலும் ஒரு நாற்காலி சும்மாதான் கிடக்கிறது. அந்தக் கண்ணோடு பார்க்கிறவன் எதைச் சரியாகப் பார்ப்பான்?

ரெஜிஸ் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார். இன்னும் அதே தூணோரம் நிற்கிறார்.

என் சந்தேகத்தை வேறு இரண்டு ஓடாவிகளிடம் கேட்டேன். இருவருமே சிரித்தார்கள். எஞ்சின் மேடையை ஒரு முழம் முன்னால் தள்ளிப் போட்டால் வள்ளம் தானாக மட்டமாகிவிடும், ஒற்றை ஆள் போகலாம், மண்ணும் வேண்டாம் கல்லும் வேண்டாம் என்றார்கள். அப்படியானால் தஸ்நேவிசுக்கு அது தெரியாதா? அல்லது இன்னாசி எதையோ மாற்றிச் சொல்கிறாரா? பல இரவுகள் இதை யோசித்துவிட்டு, பெரிய விஷயம்தான் என்று என்னையே திட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறேன்.

போன மாதம் கரையில் ஒரு பழைய வள்ளம் கவிழ்த்துக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் மகனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இனித் தனியாகக் கடலுக்குப் போகப் போகிறவர். தஸ்நேவிஸ் போன பிறகு இந்த மாதிரி வேலைகள் இன்னாசியிடம்தான் வருகின்றன. வேலை முடிந்து வள்ளத்தை இறக்கிய அன்று நான் பக்கத்தில் நின்றேன். சொந்தக்காரர் ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். வள்ளம் தண்ணீரில் தட்டு மாதிரி மட்டமாக மிதந்தது. முன்னால் மூட்டை இல்லை.

உள்ளே எட்டிப் பார்த்தேன். எஞ்சின் மேடை ஒரு முழம் முன்னால் தள்ளி இருந்தது.

இன்னாசி கையைக் கழுவிக்கொண்டு தன் வள்ளத்துப் பக்கம் நடந்தார். சட்டியை எடுத்து மணலில் குனிந்தார். நானும் கூடவே போனேன். தஸ்நேவிஸ் ஏன் மேடையை முன்னால் தள்ளிப் போடவில்லை என்றுதான் இத்தனை வருடம் கேட்க நினைத்திருந்தேன். வாயைத் திறந்தபோது வேறு மாதிரி வந்தது.

"அண்ணாச்சி, இந்த வேலைய உங்க வள்ளத்துக்கு நீங்க ஏன் இன்னும் செய்யல?"